படிப்பைச் சொன்னேன், பஜ்ஜி ஆறிப்போனது

சில வருடங்களுக்கு முன்பு, பெரம்பலூர் பக்கம் பாடாலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் திருச்சியில் எம்.ஏ. தொழிலாளர் இயல் முடித்திருந்தேன். கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய துறை. கூலி, வேலை நேரம், விடுப்பு, சங்கம் என்று உழைப்பைப் பற்றியே படிக்கிற படிப்பு என்று ஊரெல்லாம் விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். "வேலைக்குப் போறதுக்குப் படிப்பாங்க, வேலையப் பத்தியேவா படிப்பாங்க?" என்று என் அம்மாவே கேட்பார்.

ஆண்டிமடத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரக் குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. போட்டோவிலேயே எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. படிப்பைக் கேட்டால் எம்.ஏ. என்பதோடு நிறுத்திக்கொள் என்று அப்பா சொன்னதற்குத் தலையாட்டி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா விடுவாரா? என்ன எம்.ஏ. என்றார். சொன்னேன். பஜ்ஜியை எடுத்த கை பாதியில் நின்றது. முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்து நிறைய ஆட்களை வேலை வாங்குபவர் அவர். அந்த நேரம் பார்த்து, வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த அவர்களுடைய வேன் டிரைவர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டச் சொல்லலாம் என்று என்னிடம் சந்தேகம் கேட்டார். படித்த வாய் சும்மா இருக்குமா? எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஓட்டினால் தனிச் சம்பளம் என்று விளக்கிவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா டிரைவரை முறைத்தார். என் அம்மா என்னை முறைத்தார்.

அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார்.

"வூட்டு வேலையெல்லாம் அந்தப் படிப்புல வருமா?"

"முன்னல்லாம் வராதுங்க. இப்ப அதுவும் வேலைதான்னு சேத்துட்டாங்க."

"லீவு உண்டுன்னு போட்டிருக்கா?"

"இல்லீங்க. அதத்தான் எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

போய்த் தகவல் சொல்கிறோம் என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்துகொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாழாய்ப்போன படிப்பு என்று திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மாவே போன் செய்தார். "நேத்து வந்ததுலேர்ந்து நான் அடுப்பு பத்த வைக்கல. இப்பதான் அவரு சரின்னாரு. நாளு பாக்கச் சொல்லுங்க."

மருமகளைப் பட்டினி போட்ட மாமியார்களைப் பற்றித்தான் அதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன். மருமகளுக்காக வீட்டுக்காரரைப் பட்டினி போட்ட மாமியார் எனக்கு வாய்த்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.