கழற்ற மறந்த மஞ்சள் கண்ணாடி

தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த என் தம்பி வாசலில் நின்றபடியே சொன்னான்: "அக்கா, போட்டோக்கார சங்கரலிங்கம் அண்ணாச்சி காலைல தவறிட்டாவ." அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய மஞ்சள் கண்ணாடியும் தெரிந்திருக்கும். சீசன் வந்தால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுக் குற்றாலத்துக்குப் போய்விடுவார். அங்கே அருவிச் சாரல் ஒரு பக்கம், எண்ணெய் தேய்த்த கையோடு காமிராவைத் தொட்டுப் பார்க்கும் கூட்டம் ஒரு பக்கம். அதற்காக லென்சுக்கு முன்னால் அந்த மஞ்சள் ஃபில்டர் கண்ணாடியைத் திருகி வைத்திருப்பார். "லென்ஸ் போச்சுன்னா பொழப்பு போச்சு. கண்ணாடி போனா போவுது" என்பார்.

அதைக் கழற்ற மறந்த ஒரு நாளில்தான் என்னை மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பப் படம் எடுத்தார். மஞ்சள் கண்ணாடி வழியாக எடுத்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் முகம் வெளுத்து விழும். எங்களுக்கு அது தெரியாது. நான் நல்ல கறுப்பு. "எம்புள்ள என்ன லட்சணமா விழுந்திருக்கா!" என்று அம்மா பூரித்துப் போனாள். படம் ராயகிரிக்குப் போயிற்று.

அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு நின்ற என்னையும் கையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்த மாப்பிள்ளையின் தாயார், "இது தங்கச்சியா? போட்டோல உள்ள பிள்ளையக் கூப்பிடுங்க" என்றாள். வீட்டுக்கு நான் ஒரே பெண். தட்டை எங்கே வைத்தேன், எப்படி உள்ளே போனேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

அப்பா ஸ்டூடியோ வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வந்தார். அண்ணாச்சி வெயில் தாழ்ந்ததும் காமிராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "தப்பு எங் கண்ணாடில. பிள்ளை நெறத்துல ஒரு தப்பும் கெடையாது" என்று சொல்லி, ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். "அண்ணாச்சி, அதப் போட்டே எடுங்களேன்" என்றேன்.

அவர் முகம் சுண்டிப் போயிற்று. "கண்ணாடி லென்சுக்குத்தாம்மா காவல். ஒனக்கு எதுக்கு?" என்று கேட்டார். பிறகு வெளிச்சம் போகுமுன் படத்தை எடுத்து முடித்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கடையத்திலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "போட்டோல உள்ளபடியேதான் இருக்கா" என்று சொல்லி, என் மாமியார் என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு, அண்ணாச்சியின் துக்க வீட்டுக்குப் புறப்படும்போது என் கை பழக்கத்தில் பவுடர் டப்பாவைத் தேடிற்று. பூசிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் நின்று முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தேன். அழுகிறேன் என்று நினைத்து அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, நிறத்தை மறைத்தேனே என்கிற இந்த வெட்கம் ஒன்றுதான். இதுவாவது என்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.