மதிலில் மண் அடைத்த துளைகள்

பக்கத்து வீட்டு அண்ணையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் இரண்டு வீட்டுப் பின்வளவுகளுக்கும் நடுவே ஒரு பழைய செங்கல் மதில். என் பக்கம் ஓர் அப்பிள் மரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒவ்வொரு இலையுதிர்காலமும் அதன் பழங்களை நசுக்கிப் பிழிந்து, கண்ணாடிச் சாடிகளில் நொதிக்கவிட்டு சைடர் செய்கிறேன். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்துக் கொட்டிய கைகள் எனக்கென்று செய்கிற ஒரே பண்டம் அது. அண்ணை அதைக் கோயிலில் "கள்ளு" என்று சொல்லித் திரிந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

மதிலைத் தொட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த மதிலின் உதிர்ந்த சுண்ணாம்புத் துளைகளில் செம்பழுப்பு நிறக் காட்டுத் தேனீக்கள் குடியிருந்தன. கூட்டமாக வாழாதவை, யாரையும் கொட்டப் போகாதவை. ஒவ்வொன்றும் ஒரு துளையில் முட்டையிட்டு, வாசலை ஈரமண்ணால் அடைத்துவிடும். சித்திரைக் குளிரில், பெட்டியில் வளர்க்கும் தேனீக்கள் வெளியே வரத் தயங்கும் மப்பான நாளிலும் இவை வேலைக்கு வரும். வயிறெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு பூவுக்குப் பூ புரளும். என் சைடரில் பாதி வேலை அவற்றினுடையது.

அண்ணைக்கு அந்த மண் வாசல்கள்தான் கண்ணில் குத்தின. குளவி மண்கூடு கட்டிய வீட்டில் பிள்ளை உண்டாகும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் வீட்டிலோ கலியாணம் ஆகாத மகள். வந்து போகிறவர்கள் மதிலைப் பார்த்து ஏதாவது கதைத்துவிடுவார்கள் என்று மனுஷனுக்குப் பயம். நான் மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு புரட்டாதி வாரத்தில், ஏணி வைத்து இரண்டு பக்கமும் ஒரு துளை விடாமல் சீமெந்து பூசிவிட்டார். அடுத்த வசந்தத்துக்காக உள்ளே உறங்கிய அத்தனையையும் உயிரோடு புதைத்தார்.

"குளவி, தங்கச்சி. பிறகு ஊர் கதைக்கும்," என்றார், நான் திரும்பி வந்து கேட்டபோது.

அடுத்த சித்திரையில் மரம் நிறையப் பூத்தது. தேடி வந்தவை ஒன்றிரண்டுதான். காய்த்ததை விரல் விட்டு எண்ணலாம், அதுவும் கோணல். ஒன்றை வெட்டிப் பார்த்தேன். ஐந்து அறைகளில் ஒரேயொரு விதை. சாடிகள் அந்த வருடம் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தன.

அடுத்த மாசியில் அதே இனத் தேனீக்கள் உள்ளே உறங்கும் சிறு கூடுகளைத் தபாலில் வாங்கினேன். அவை வெளிவந்து முட்டையிடத் தடித்த மரக்கட்டையொன்றில் வரிசையாகத் துளைகள் போட்டு, அண்ணையின் சமையலறை யன்னலில் நின்றால் நேரே தெரியும்படி என் கொட்டிலின் முகப்பில் மாட்டினேன். தேனீக்களுக்கு வெயில் விழும் இடம் வேண்டும் என்பது உண்மைதான். அவர் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டும் என்பது அதைவிட உண்மை.

வைகாசி முடிவதற்குள் எல்லாத் துளைகளும் மண்ணால் அடைபட்டுவிட்டன.

"தங்கச்சி, உதைக் கழட்டுங்கோ. உது வீட்டுக்குக் கூடாது," என்றார் அண்ணை, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

"உங்கட வீட்டிலயோ கட்டியிருக்கு? என்ர வளவில. எனக்கு அறுபத்திமூண்டு வயசு, அண்ணை. ஊர் கதைக்கட்டும்."

யன்னலுக்குள் அவருடைய மகள் சிரித்தது கேட்டது. அவர் முகம் கறுத்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

புரட்டாதியில் கிளைகள் பாரத்தில் தாழ்ந்தன. முதல் பழத்தை வெட்டினேன், அறை நிறைய விதை. ஒரு தட்டத்தில் கற்கண்டைப் பரப்பி, நடுவில் பழங்களை வைத்து, பிள்ளை பிறந்த வீட்டார் கொண்டுபோவதுபோல் அவர் வாசலுக்குக் கொண்டுபோனேன். கோயில்காரர் இரண்டு பேர் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் மணியை அடித்தேன்.

கதவை அண்ணைதான் திறந்தார்.

"நீங்கள் பயந்த மாதிரியே நடந்திட்டுது, அண்ணை," என்றேன், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. "என்ர மரத்துக்குப் பிள்ளையள் பிறந்திருக்கு. எல்லாம் சுகப்பிரசவம். கற்கண்டு எடுங்கோ."