குளிர்காய உதவிய பழுது

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிக் கண்ணுக்குத் தெரிந்த அனைத்தையும் கழற்றிப் பார்ப்பதே வண்டிகளின் மின்சார வேலை. இத்தொழிலில் உழன்றவர்களும், உழன்றவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு வாசலில் நின்று பெருமூச்சு விட்டவர்களும் என் துயரத்தை எளிதில் உணர்வார்கள்.

இலங்கையிலிருந்து எங்களைப் போன்றோர் கப்பல் கப்பலாகத் தாயகம் திரும்பிய காலம் அது. அங்கே தேயிலைத் தோட்டமொன்றின் லாரிக் கொட்டகையில் மின்சார வேலை பார்த்து வந்தேன். மனைவியையும் இரண்டு பெண்மக்களையும், திரும்பியோரைத் தங்க வைத்த மண்டபம் முகாமில் விட்டுவிட்டு, வேலை தேடிக் குன்னூருக்கு ஏறி வந்தேன். அங்கே ஒரு கார்ப் பட்டறையின் முதலாளி ரங்கசாமி, பின்கட்டில் காலியாகக் கிடந்த ஓர் அறையைத் திறந்து காட்டினார். "ஏனுங்க சிலோன்காரரே, டாக்டரம்மா கார் ஒண்ணு இருக்குது, ரெண்டு மெக்கானிக்கை ஓட்டி உட்டிருச்சுங்க. அதைச் சரி பண்ணிப்போட்டீங்கன்னா வேலையும் உங்குளுது, ரூமும் உங்குளுது, குடும்பத்தைக் கூட்டிட்டு வந்துருங்க. அதுவரைக்கும் நீங்க மட்டும் இதுலயே படுத்துக்குங்க. சரியாகலீன்னா என்னையத் தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

விளக்கு எரிந்தது, ஹாரன் அலறியது

டாக்டரம்மா தோட்டந்தோறும் சென்று பிரசவம் பார்ப்பவர். அவருடைய கரும்பச்சை நிறக் கார் வெள்ளைக்காரர் காலத்தது. ஓட்டுநர் போஜன் பக்கத்து மலையூரான ஜெகதளாக்காரர். அவசரம் என்பதை அறியாத மனிதர். காலையில் பங்களா முற்றத்தில், குளிருக்காகச் சோக்குக் குமிழை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஓர் ஒலி, அவ்வளவுதான் என்றார். தோட்டக்காரர்கள் காரை வாசல்வரை தள்ளி, அங்கிருந்து இறக்கத்தில் உருட்டித்தான் எஞ்சினை எழுப்புவார்களாம்.

பானெட்டைத் திறந்தேன். பாட்டரி நிறைந்திருந்தது. விளக்கு கண் கூசும்படி எரிந்தது. ஹாரன் அடுத்த தெருவரை கேட்டது. போஜனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். குற்றமே அறியாததுபோல் எஞ்சின் முதல் முறையிலேயே எழுந்தது. இல்லாத நோய்க்கு எந்த மருந்தைத் தருவது? போஜன் காரைத் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "இந்த வண்டி மேல டாக்டரம்மாவுக்குத்தான் கோவம், எனக்கு இல்லீங்க. காலைல கை வெறைச்சுப் போச்சுன்னா சோக்குக் குமிழைப் புடிச்சாப் போதும், கதகதன்னு இருக்குமுங்க."

பழகிய வண்டியின் மீது ஓட்டுநர் பாடும் துதி என்றே அதைக் கொண்டேன்.

மேசைமேல் சுழன்ற மோட்டார்

மறுநாளும் கார் தள்ளி எழுப்பப்பட்டே வந்தது. பாட்டரி பழுதில்லையெனில் பழுது எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் செல்ஃப் மோட்டாரில்தான் என்று துணிந்தேன். அதைக் கழற்றி, உள்ளிருக்கும் கார்பன் துண்டுகளைத் தேய்த்து, மேசையில் இறுகப் பிடித்து, பாட்டரியிலிருந்து நேரே இணைப்புக் கொடுத்தேன். மேசையே அதிரும்படி சுழன்றது. மனநிறைவுடன் பொருத்தி அனுப்பினேன். அடுத்த நாள் காலை பங்களா முற்றத்தில் மீண்டும் 'டக்'.

மறுபடி கழற்றினேன், மேசையில் சுழன்றது. மறுபடி பொருத்தினேன், முற்றத்தில் மௌனம். மூன்றாம் முறை நான் மேசையருகே தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தபோது, டிங்கர் வேலை பார்க்கும் சேவியர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஏண்ணே, மேசையில ஓடுது, கார்ல ஓட மாட்டேங்குதுன்னா, டாக்டரம்மாவைப் பேசாம மேசையிலயே பிரசவத்துக்கு அனுப்பிரலாமே?"

மூன்று காலைகளின் அருள்

இனிக் காரைப் பட்டறையிலேயே கண்ணெதிரே வைத்துக்கொள்வதே வழி என்று தோன்றியது. டாக்டரம்மா மூன்று நாள் வேறு வண்டியில் செல்ல இசைந்தார். மூடுபனியின் ஈரம் புகக்கூடிய இடங்களையெல்லாம் துடைத்து, ஒவ்வோர் இணைப்பையும் சுரண்டி முடுக்கினேன். விடியலில் போஜன் வந்து எஞ்சினை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்நேரம் பின்கட்டு அறையில் நீறணிந்து, வழக்கமான பதிகங்களை ஓதிக்கொண்டிருப்பேன். முதல் நாள், ஓதி முடிக்கும் தருணத்தில் எஞ்சின் முழங்கியது. இரண்டாம் நாளும் முழங்கியது. மூன்றாம் நாள் கண்கள் கசிந்துவிட்டன. பெட்டியைக் கட்டு, அறை கிடைத்துவிட்டது என்று மனைவி வள்ளியம்மைக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வந்து போஜனிடம், "பொத்தானை அழுத்தியதும் எழுந்ததா?" என்று கேட்டேன். பட்டறைக்கு முன்னுள்ள சாலை நல்ல சரிவு என்பதையும், மலையில் வண்டி ஓட்டுபவர்கள் முகம் இறக்கத்தை நோக்கி நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்திக் கியரில் விட்டே எழுப்புவார்கள் என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. போஜன் என்னை வியப்போடு பார்த்தார்: "எறக்கம் இருக்கறப்போ பொத்தான் எதுக்குங்க? அதெல்லாம் சமவெளியில ஓட்டற கீழ்நாட்டுக்காரங்க அமுக்கட்டும்."

அன்றே இரண்டாவது கடிதமும் எழுத நேர்ந்தது.

கட்டிய பெட்டி

வள்ளியம்மையின் மறுமொழி ஒரு வாரத்தில் வந்தது. எனக்கு வேலை உறுதி என்று முதலாளியின் கடிதம் மாத முடிவுக்குள் முகாமுக்கு வராவிட்டால், எங்கள் குடும்பத்தின் பெயரைத் தொலைவிலுள்ள ரப்பர் தோட்டமொன்றின் பட்டியலில் சேர்த்துவிடுவார்களாம். மாதம் முடிய நான்கே நாள். முதலாளியிடம் சொன்னேன்; காரைச் சரிசெய்த பிறகுதான் கடிதம் என்றார். ரப்பர் மரத்தில் பால் வடிப்பது பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. கடிதத்தின் கடைசி வரியை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்: "பெட்டியைக் கட்டச் சொன்னீர்கள், கட்டினேன்; பொறு என்றீர்கள், பொறுத்தேன்; ஒரு காருக்கு இருக்கும் பிடிவாதம் உங்களுக்கும் கொஞ்சம் இருக்கக் கூடாதா?"

தொடாத நோயாளி

மறுநாள் விடியுமுன் பங்களாவுக்கே சென்றுவிட்டேன். புல்லெல்லாம் உறைபனி வெளுத்திருந்தது. டாக்டரம்மா பையுடன் படியில் நின்றார். தோட்டமொன்றில் தலைப்பிரசவம், அழைத்துப்போக வந்த ஆள் காத்திருந்தான். நான் பானெட்டினுள் குனிந்திருக்க, போஜன் பொத்தானை அழுத்தினார். 'டக்.' மீண்டும் 'டக்.' விளக்கைப் போடச் சொன்னேன், பளிச்சென்று எரிந்தது. என் அறிவு அத்துடன் முடிந்தது.

"போஜா, நீ எறங்கு. ஐயா, நீங்க ஏறி உக்காந்து பாருங்க" என்றார் டாக்டரம்மா. நான் தயங்கினேன். இலங்கைத் தோட்டத்தில் தொரையின் காருக்குக் கதவு திறந்துவிடுவோம், ஏறி அமரமாட்டோம். அந்தப் பழக்கத்தால் இத்தனை வாரமும் நான் அந்த இருக்கையில் ஒருமுறைகூட உட்காரவில்லை. அதை மெல்லச் சொன்னேன். டாக்டரம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நோயாளியைத் தொடாமயா இவ்வளவு நாளா வைத்தியம் பார்த்தீங்க?"

சுட்ட குமிழ்

ஏறினேன். இடக்கையால் சோக்குக் குமிழை இழுத்துப் பிடித்து, வலக்கையால் பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்றது, விடாமல் அழுத்தினேன். இடக்கையின் மூன்று விரல்கள் வெந்துவிட்டன. அலறியபடி கையை உதறும்போதே போஜனின் கதகதப்பு எனக்கு விளங்கியது.

பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். எஞ்சின் ரப்பர்க் கட்டைகள் மீது அமர்ந்திருப்பதால், அதையும் காரின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்றே மோட்டாரின் மின்சாரம் திரும்பும் வழி. விளக்குக்கும் ஹாரனுக்கும் அவ்வழி தேவையில்லை. பட்டை அறுந்தால், பற்ற வேறொன்றில்லாத கொடிபோல் அந்த மின்சாரம் எஞ்சினிலிருந்து குமிழுக்கு ஓடும் மெல்லிய சோக்குக் கம்பியைப் பற்றிக்கொண்டு திரும்பும், கம்பி கொதிக்கும். கிரீஸும் சேறும் படிந்து முழுமையாகத் தோன்றிய பட்டையை விரலால் இழுத்தேன். நான்கைந்து இழையே மிஞ்சியிருந்தது. சூடான எஞ்சினைச் சுழற்ற அது போதும். உறைபனியில் கிடந்ததைச் சுழற்றப் போதாது. அதன் இடத்தில் தடித்த கம்பி ஒன்றை முடுக்கினேன். பொத்தானைத் தொட்டவுடன் எஞ்சின் எழுந்தது. டாக்டரம்மா தலைப்பிரசவத்துக்கு விரைந்தார். பட்டறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது முதலாளி என் விரலையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்: "குடும்பத்துக்கு ரூமைக் கூட்டி வெச்சுக்குங்க. கடுதாசி போய்ச் சேர நாளில்லீங்க, என் பேர்லயே முகாமுக்குத் தந்தி அடிச்சுப்போடலாம், வாங்க."

ரயிலடி முற்றம்

வள்ளியம்மையும் குழந்தைகளும் மலை ரயிலில் வந்து இறங்கிய நாளில், டாக்டரம்மா தம் காரையே அனுப்பி வைத்தார். குன்னூர் ரயிலடி முற்றம் சமதளம். பெட்டியை ஏற்றினோம். போஜன் பொத்தானை அழுத்த, கார் உடனே உயிர்த்தது. குழந்தைகள் ஒன்றும் அறியாமல் கண்ணாடி வழியே மூடுபனியை வேடிக்கை பார்த்தனர். நான் பெருமிதத்தோடு மனைவியின் பக்கம் திரும்புமுன் போஜன் முந்திக்கொண்டார்: "எல்லாம் நல்லாத்தான் பண்ணிப்போட்டாருங்கம்மா. ஆனா இப்பல்லாம் சோக்கு ஐஸ் மாதிரி கெடக்குதுங்க. அந்தச் சூட்டை மட்டும் கொஞ்சம் திருப்பி வெக்கச் சொல்லுங்க."

நாள்தோறும் நான் வேண்டிக்கொண்ட விடையை ஆண்டவன் முதல் நாளே போஜன் வாயிலாகச் சொல்லிவிட்டிருக்க, அதைக் கேட்க ஒரு மாதமும் மூன்று விரல்களும் செலவழித்தவன் நான்.