கிரீஸ் போடாத மதகு

பழைய மதகுகளையும் ஆலைகளையும் பார்த்துப் பேசுகிற ஒரு குழு, போன வருஷம் எங்கள் மதகுக்கு வந்தது. காரைக்கால் பக்கம் வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில், உப்புத் தண்ணீர் வயலுக்கு ஏறாமல் தடுக்கும் மதகு அது. அதன் இரும்புக் கதவை ஏற்றி இறக்குவது என் வேலை.

"இது எப்படி வேலை செய்யுது, நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார் குழுவைக் கூட்டி வந்த டீச்சர். முப்பது பேரைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. பேசுவதற்குப் பதில் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்கிக் காட்டினேன். கதவைத் தூக்கும் திருகுத் தண்டில் கிரீஸ் தடவாமல் சக்கரத்தைத் தொடவே கூடாது. பதற்றத்தில் மறந்துவிட்டேன். பாதியில் தண்டு இறுகிக்கொண்டது.

அது கடல் ஏறும் நேரம். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மேற்கே நெல் பூத்து நின்றது. நான் தொங்கிப் பார்த்தும் சக்கரம் அசையவில்லை.

"பழசுல்ல, துருப் பிடிச்சிருக்கும்" என்றார் டீச்சர். ஆமாம் என்று தலையாட்டினேன். எல்லோரும் துருவைப் படம் எடுத்தார்கள். அதற்குள் தண்ணீர் முதல் வரப்பைத் தாண்டியது.

"துரு இல்லங்க! நான்தான் கிரீஸ் போடல!" என்று கத்தினேன். "சைக்கிள்ல கிரீஸ் டப்பா இருக்கு, எடுத்துட்டு வாங்க. எல்லாரும் வந்து சக்கரத்தப் பிடிங்க!"

நான் தண்டில் கிரீஸை அப்ப, எல்லோரும் பிடித்தார்கள். கதவு இறங்கியது.

ஆனால் ஓரத்து வயல் கருகிப்போனது. "நீ என்ன பண்ணுவ மாப்ள, பாழாப்போன துரு" என்று, அன்று அங்கே இல்லாத அந்த வயல்காரர் எனக்கு டீ வாங்கித் தருகிறார். முப்பது பேர் முன்னால் கத்திச் சொன்னதை அவர் ஒருவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.