ஓய்வுக்கால வயிறு

என் வீட்டுக்காரரை பஸ் டிப்போவின் கால்பந்து அணியில் 'அம்பு' என்பார்கள். வலது ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் அப்படி ஓடுவார். அந்தப் பெயரெல்லாம் லீக் நடக்கும்வரைதான். ஓய்வு மாதங்கள் வந்துவிட்டால் எனக்கு அவர் 'மூட்டை'.

பகலெல்லாம் என்ஜின்களுக்கு அடியில் கிடப்பவர், சாயங்காலம் வந்ததும் ஜன்னலோரம் சரிந்துவிடுவார். தூக்கத்தில் கால் மட்டும் லேசாக உதறும், எங்கோ ஆடிக்கொண்டிருப்பார். மெல்ல மெல்ல வயிறு எழும்பும். எங்கள் மகள் அதில் தலைவைத்துத் தூங்குவாள். அவர் மூச்சுக்கு அவள் தலை ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்கும் கண் சொக்கும். வீடே மிதப்பதுபோல இருக்கும். கோபக்காரி என்று பெயர் வாங்கிய நான் அந்த மாதங்களில் யார்மீதும் எரிந்து விழுந்ததில்லை.

பயிற்சி தொடங்கும் நாளில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் டிப்போவின் பார்சல் அறைத் தராசில் ஏறவேண்டும். போன லீக் முடிந்தபோது இருந்த எடையைத் தாண்டினால் அணியில் இடமில்லை. அது கோச் வைத்த சட்டம். இந்த முறை வலது ஓரத்துக்குப் புதிதாக ஒருவர் போட்டிக்கு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் பயந்துபோய் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். கன்னம் ஒட்டியது, தொடை சூம்பியது, வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

தராசு பழைய எடையையே காட்டியது. டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த உடற்பயிற்சி மேடம் கொழுப்பு அளக்கும் இடுக்கியால் அவர் இடுப்புச் சதையைப் பிடித்து அளந்தார்.

"எடை அதேதான், அண்ணா. ஆனா தசை கரைஞ்சு கொழுப்பு ஏறியிருக்கு. பட்டினி கிடந்தீங்களா?"

இவர் அவசரமாகச் சட்டையை இழுத்து இடுப்பை மூடினார்.

"ஆமா, கிடந்தாரு! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!" என்று கவுண்டரிலிருந்து கத்தினேன். டிக்கெட்டுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள்.

"லீக் தொடங்குற வரைக்கும் பார்க்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார் கோச்.

அன்றிலிருந்து விடியலில் பனிக்குள் ஓடினார், கரைந்தே போவார் போலிருக்கும். மாலையில் வெயிட் தூக்கினார். நான் முட்டையும் பருப்பும் வைத்துவிட்டு, "தட்டு காலியாகாம எந்திரிச்சீங்க, அவ்வளவுதான்!" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வேன். எடை ஏற ஏற இவருக்கு உயிரே போனது. "உன் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்டி" என்றார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

மறுபடி அளந்த நாளில் எடை கூடித்தான் இருந்தது. கோச் முகத்தைச் சுளித்தார். இடுக்கிக்கோ பிடிக்கச் சதையே அகப்படவில்லை. "ஏறினதெல்லாம் தசை, சார்" என்றார் மேடம். கோச் வலது ஓரத்துச் சட்டையை எடுத்து இவரிடம் நீட்டினார்.

அன்று மகள் வழக்கம்போல அவர்மேல் சாய்ந்தாள். நெளிந்தாள், புரண்டாள். "அப்பா, உன் வயிறு எங்க? பலகை மாதிரி இருக்கு" என்று தலையணையைத் தேடிப் போய்விட்டாள்.

"பொண்ணு மெத்தையை எங்கங்க தொலைச்சீங்க?" என்று வம்புக்கு இழுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மடியிலிருந்த சட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "முட்டி இந்த ஒரு சீசன்தான் தாங்கும். அடுத்த வருஷத்துல இருந்து வயிறு எங்கயும் போகாது. அவ நல்லா தூங்கலாம்."

வருஷா வருஷம் நான் ஆசையாகக் காத்திருந்த அந்த வயிறு இனி வரவே வேண்டாம் என்று தோன்றியது.

"விடியக்காலையில ஓடணுமில்ல, படுங்க" என்றேன்.