வளர்ந்த பிள்ளைக்கு ஓர் ஊஞ்சல்

எங்கள் மகள் நடக்க ஆரம்பித்தபோது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. புதுச்சேரியில் ஒரு டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "உடம்பு வளரும். மனசு குழந்தை மாதிரியேதான் இருக்கும். பொறுமையா பாத்துக்குங்க" என்றார். அன்றைக்கே எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் மனைவி, "பையன் இஸ்கூல் வுட்டு வந்திருப்பான். பசியோட குந்திகினு இருப்பான்" என்றாள்.

நான் அப்போது ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்து விவசாயிகள் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே கடை திறந்தாக வேண்டும். வீடு திரும்ப இருட்டிவிடும். பகல் முழுக்க மகளோடு மல்லுக்கட்டியது மனைவிதான். மகளுக்கு என்ன காரணமென்றே தெரியாமல் அழுகை வரும். வந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். பழைய புடவைகளை மூட்டையாகக் கட்டிச் சுவர் ஓரமாக அடுக்கி வைத்திருந்தோம். எப்படியோ மூட்டை இல்லாத இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அழுகை தொடங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்களே என்று அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து வெளியே கூட்டிப் போனேன். எங்கே போவதென்று எண்ணம் எதுவும் இல்லை. கோமுகி ஆற்றோரமாகப் போனேன். அங்கே ஊர்ப் பூங்காவின் கேட்டை வாட்ச்மேன் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். பூங்கா என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். நாலைந்து புங்க மரங்கள், சிமெண்ட் பெஞ்சுகள், தண்ணீர் வராத நீரூற்று, ஒரு சறுக்கு மரம், இரும்புச் சங்கிலியில் மரப்பலகை கட்டிய இரண்டு ஊஞ்சல்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு. அணை திறந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் மணலும் முள்ளும்.

ஊஞ்சலில் உட்காரவைத்து மெதுவாகத் தள்ளினேன். அழுகை நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். தலையைப் பின்னால் சாய்த்து மேலே மரக்கிளைகளைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அப்படி வாய்விட்டு அவள் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. வெயில் ஏறும்வரை தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் திட்டு வாங்கியதுகூட உறைக்கவில்லை.

அன்று தொடங்கியது. மழை நாள் தவிர எல்லா நாளும் காலையில் பூங்காதான். ஆடிவிட்டு வந்தால் அன்றைக்குச் சுவர்ப்பக்கமே போகமாட்டாள். ஊட்டினால் சாப்பிடுவாள், மதியம் தூங்குவாள். "அங்க கூட்டினு போயி இன்னா மந்திரம் போடுறீங்க?" என்று மனைவி கேட்பாள். அவள் வந்து பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் அவளால் குழம்பு வைக்கவும், துணி துவைக்கவும், பையனைப் பள்ளிக்கு அனுப்பவும் முடிந்தது.

வருஷங்கள் இப்படியே போயின. மகள் வளர்ந்தாள், என் தோள் உயரத்துக்கு வந்தாள். ஒரு நாள் பெரியவளானாள். சடங்கு எதுவும் செய்யவில்லை. மனைவி தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுச் சுடிதார் போட்டுவிட்டாள். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே எப்புடிங்க நீங்க மட்டும் கூட்டினு போவீங்க? பார்க்குல நாலு பேரு பாப்பாங்க. துணி வெலகினாகூட அவளுக்குத் தெரியாது."

"அதுக்குன்னு வூட்டுலயே வெச்சிருக்க முடியுமா?"

"நானும் வரேன்" என்றாள்.

முதல் நாள் அவள் வந்தபோது, துப்பட்டாவை மகளின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு ஊஞ்சலில் உட்காரவைத்தாள். நான் தள்ளினேன். மகள் சிரிக்கத் தொடங்கியதும் மனைவி பெஞ்சில் போய் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் இப்புடியா சிரிப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

சொல்லியிருக்கிறேன், பலமுறை. சொன்னால் புரிகிற சிரிப்பு இல்லை அது.

பூங்காவுக்குக் கூட்டம் வர ஆரம்பித்த காலம் அது. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களும் இருந்தார்கள். ஒரு பெண் தன் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து, "இவ்ளோ பெரிய பொண்ணு ஆடிகினே இருந்தா சின்னப் புள்ளைங்க எப்பங்க ஆடும்?" என்றாள். மகள் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. "சரி, ஆடட்டும், ஆடட்டும்" என்று பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பையனும் காத்துக்கொண்டுதானே நின்றான். அதற்குப் பிறகு நாங்கள் இன்னும் முன்னாலேயே போக ஆரம்பித்தோம்.

பிறகு பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள் என்று கொஞ்ச காலம் மூடி வைத்திருந்தார்கள். திறந்த அன்று காலையிலேயே மூவரும் போனோம். நடைபாதைக்குக் கல் பதித்து, நிறம் நிறமாக விளக்குப் போட்டு, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். பழைய ஊஞ்சல்களைக் காணோம். அதே இடத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் ஊஞ்சல்கள். கைக்குழந்தை உட்காருகிற மாதிரி சுற்றிலும் அடைத்த இருக்கை.

"பழசு துருப்புடிச்சிப் போச்சுங்க. ஒரு புள்ள கைய கிழிச்சிக்கிச்சி" என்றார் வாட்ச்மேன். மகளைப் பார்த்துவிட்டு, "நான் இன்னாங்க பண்றது" என்று குரலைத் தாழ்த்தினார்.

மகள் நேராகப் போய் அந்தச் சின்ன இருக்கைக்குள் காலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. திரும்பவும் முயன்றாள். என்னைப் பார்த்தாள், தள்ளு என்கிற மாதிரி. ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். விரல்களைப் பிரித்தெடுத்து வீட்டுக்குக் கூட்டிவர நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

வீட்டில் உத்திரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் போட்டுப் பார்த்தேன். உட்கார மறுத்தாள். மேலே பார்த்தால் ஓடுதான் தெரியும், மரமும் இல்லை, காற்றும் இல்லை. திரும்பவும் சுவர்ப்பக்கம் போனாள். திரும்பவும் புடவை மூட்டைகளை அடுக்கினோம்.

கோமுகி அணைப் பக்கம் ஒரு பூங்கா உண்டு, அங்கே பெரிய ஊஞ்சல் இருக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கல்வராயன் மலை அடிவாரத்தில், பஸ்ஸில் போகிற தூரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போனோம். ஊஞ்சல் இருந்தது. கனமான சங்கிலி, அகலமான பலகை. அதைக் கண்டதும் மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

மலையிலிருந்து சில பெண்கள் சந்தைக்குக் கடுக்காய் கொண்டு போய்விட்டு, மேலே போகிற பஸ்ஸுக்காக அங்கே மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மகளைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். என் மனைவியைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள்.

"இதுல பெரியவங்க ஆடலாமா?" என்று கேட்டாள்.

"இவ ஆடுறாளே" என்றாள் மனைவி.

"எப்பவும் தாண்டிப் போறதுதான். ஒரு நாளும் ஏறினதில்ல." அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்தாள். மனைவி தயங்காமல் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அந்தப் பெண் முதலில் பயத்தில் கத்தினாள், பிறகு சிரித்தாள். அதைக் கேட்டு மகள் இன்னும் உரக்கச் சிரித்தாள். ஒருத்தி சிரிக்க, அடுத்தவள் சிரிக்க, மர நிழலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் எங்களைத் தவிர இன்னொரு மனுஷியோடு சேர்ந்து ஒன்றைச் செய்தது என் நினைவில் அது ஒன்றுதான். பஸ் வந்ததும் அந்தப் பெண் இறங்கி, மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "வரேன் தாயி" என்று சொல்லிப் போனாள்.

அதற்குப் பிறகு முடிந்த ஞாயிறுகளில் எல்லாம் போனோம். அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. முன்பும் வந்து நின்றிருக்கிறது, இந்த முறை நிற்கவில்லை. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். திருப்பூரில் வேலையில் இருந்த மகன் வந்து சேர்ந்தபோது அவளை வீட்டில் கிடத்தியிருந்தோம். அவன் தங்கையின் காலருகே உட்கார்ந்து, பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், "உங்களுக்கும் விடுதலை, அதுக்கும் விடுதலை" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு இரவு, "காலையில எழுந்தா எனக்கு இன்னாங்க வேல?" என்று கேட்டாள்.

பின்னாளில் மனைவிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று, நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஊரில் நடக்க வேறு இடம் இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு அதே பூங்காவுக்குள் போனோம். ஊஞ்சல் இருக்கிற பக்கம் திரும்பாமலே நடந்தோம். வாட்ச்மேன் மாறியிருந்தார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு வெளியூர்க்காரர்கள் நிறைய வந்துவிட்டார்கள், காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எங்களைத் தெரியாது. யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், ஒரு பையன், திருப்பூரில் இருக்கிறான் என்று நான் சொல்லிவிடுவேன்.

போன தை மாதம், மாற்றலாகி வந்த ஒருவரின் மனைவி எங்களோடு சேர்ந்து நடந்தாள். நடந்துகொண்டே அதே கேள்வியைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "ரெண்டு. ஒரு பையன், ஒரு பொண்ணு" என்றாள்.

"பொண்ணு எங்கம்மா இருக்கு?"

மனைவி சொல்ல ஆரம்பித்தாள். புதுச்சேரி டாக்டரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நடையைத் தளர்த்தி அவர்களை முன்னால் போகவிட்டேன்.