மைக்கில் அத்தான் பேர்

எங்கள் குடும்பத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'டெஸ்டிங்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். என் தாத்தாவுக்கு இரண்டு தாரம். இளையவள் வழியில் வந்த சித்தப்பாவின் மகன் எனக்குத் தம்பி. அந்தத் தம்பியின் மகன் இவன். அப்படிப் பார்த்தால் எனக்கும் மகன் முறைதான்.

மைக் செட் வாடகைக்கு விடுவது அவன் தொழில். கல்யாணமோ சாவோ கட்சிக் கூட்டமோ, குழாய்களையும் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பான். மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பான். அத்தோடு சரி. கூட்டம் சேருவதற்குள் மேடையை விட்டு இறங்கிப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான்.

"ஊருக்கே வாயை வாடகைக்கு விடுறாரு. இவருக்குன்னு ஒண்ணு வச்சுக்கல" என்று என் மருமகள், அதாவது அவன் பொண்டாட்டி, சிரிப்பாள். ஆனால் அவன் செட் ஒருநாளும் பாதியில் நின்றதில்லை. அதில் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவனுக்குக் கூடப் பிறந்தவள் ஒரே அக்கா. எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். கட்டியவர் பஸ் டிரைவர். நல்ல உயரம், அவர் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். தகப்பன் இல்லாத பையனுக்கு ஒயர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும், முதல் ஆம்ப்ளிஃபயரைத் தோளில் சுமந்துவந்து இறக்கியதும் அந்த அத்தான்தான்.

அங்கே நடந்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காக ஓட்டு எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எண்ணியது ஒன்று, எழுதியது ஒன்று, நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அந்த வாரமே ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சட்டைப் பொத்தானைப் போடக்கூட விடவில்லையாம். வழக்கும் கிடையாது, விசாரணையும் கிடையாது. அவரைப்போல இன்னும் எத்தனையோ பேர். வாத்தியார், டாக்டர், காலேஜ் போகிற பெண் என்று எதிர்த்துப் பேசியவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அக்கா ஜெயில் வாசலில் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுப்பாள். காலியாகத் திரும்பி வரும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவளுக்கு அது ஒன்றுதான் அடையாளம்.

போனில் தம்பியிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாள். "யாரு கேட்டாலும் எங்களப் பத்தி வாயத் திறக்காதடா. எதிர்வீட்டுக்காரரோட தம்பி வெளிநாட்டுல மேடையேறிப் பேசினான். இங்க அவன் அண்ணியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குடா."

அன்று பிடித்த பயம் அவனை விடவில்லை. வாசலில் வண்டி நின்றால் வேர்க்கும். போன் அடித்தால் சோற்றுக் கையோடு ஓடுவான்.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் டிரைவர்கள் சங்கம் அந்த அரசாங்கத்தைக் கண்டித்துக் கடைவீதியில் கூட்டம் போட்டது. மைக் செட்டுக்கு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க" என்றாள் மருமகள்.

"இத்தன வருஷமா வராதவனா நான்? ஏன் வரலன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்ல?" என்று கிளம்பிவிட்டான்.

நானும் போயிருந்தேன். செருப்புக்கடை ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட வேன் ஒன்று நின்றது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. உள்ளே கேமரா தெரிந்தது. அந்த நாட்டுத் தூதரக ஆட்கள், கூட்டத்துக்கு வருகிறவர்களைப் படம் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். இவன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான்.

சங்கச் செயலாளர் நன்றாகவே பேசினார். "ஓட்டு எங்கேன்னு கேட்டவனைப் பூட்டி வைக்கிறவன் ஆளுறவனா? பூட்டுக்குக் காவல் நிக்கிறவன்!" கை தட்டினார்கள். அடுத்து அவர் குரலை இறக்கினார். "அங்க அடைபட்டிருக்கிற ஒரு டிரைவரோட சொந்தக்காரர் இங்கேயே இருக்கார். நம்ம மைக் செட்..."

டக். குழாய் எல்லாம் செத்துப்போயின. ஒயரைப் பிடுங்கியது அவன் கைதான். நான் பார்த்தேன்.

"என்ன டெஸ்டிங்கு, உனக்கே இன்னிக்குப் பரீட்சையா?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. செயலாளர் முகம் சிவந்து இறங்கி வந்தார். இவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். 

"அண்ணே, பேரச் சொல்லாதீங்க. அந்த வேனப் பாருங்க. எங்க அக்கா அங்க இருக்கு."

"ஏம்பா, உன் பொண்டாட்டியோட தம்பி, நம்ம சங்கத்து டிரைவர், அவன்தானே வந்து விஷயத்தச் சொன்னான்? வெளிய பேர் தெரிஞ்சாத்தான் உள்ள உயிரோட வைப்பாங்க. பேர் தெரியாதவனுக்காக யாரு கேப்பா?"

"உங்களுக்கு என்னண்ணே, பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க."

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. ஒயரைச் சொருகச் சொல்லிவிட்டு மேடைக்குப் போனார். பேர் எதுவும் சொல்லாமல் முடித்தார்.

அவன் ஒயரைச் சுருட்டக் குனிந்தபோது போன் அடித்தது. அக்கா. காதில் வைத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என்னமோ ஏதோ என்று நான் ஓடிப்போய்க் குனிந்தேன். அவள் குரல் எனக்கும் கேட்டது. அதில் அழுகை இல்லை.

"கேரியர வாங்கல. அப்படி ஒரு ஆளே இங்க இல்லங்கிறாங்க. நேத்துவரைக்கும் வாங்கினவன்தான், அதே ஆளு, யாரு நீன்னு கேக்கறான்."

"அக்கா, போன்ல..."

"கேக்கறவன் கேக்கட்டும். இனி என்னடா இருக்கு? நீ சொல்லு. எங்கயாவது போய்ச் சத்தமாச் சொல்லு. அவர் இருக்காருன்னு சொல்லு."

கூட்டம் பாதி கலைந்திருந்தது. அவன் மேடை ஏறினான். படி தடுக்கியது. தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. மைக்கைத் தட்டினான். பழக்கம் விடுமா? "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ..." என்று ஆரம்பித்துவிட்டான். கலைந்துகொண்டிருந்தவர்கள் நின்று சிரித்தார்கள். "கூட்டமே முடிஞ்சுபோச்சுய்யா!"

வேன் கண்ணாடி முழுசாக இறங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே அத்தான் பேரைச் சொன்னான். அவர் தகப்பன் பேர், ஓட்டிய பஸ், இருந்த தெரு, எல்லாம் சொன்னான். "பக்கத்து நாட்டு ஜெயில்ல இருக்காரு. இல்லங்கிறாங்க. இருக்காரு. நேத்துவரைக்கும் சோறு போயிருக்கு" என்றான். மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மறுபடியும் பேரைச் சொன்னான். அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. மூன்றாவது தடவை செயலாளரும் கூடவே சொன்னார். நானும் சொன்னேன்.

அதற்கப்புறம் அக்கா போன் எடுக்கவில்லை. அவன் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பேசியிருக்கக் கூடாதோ, பெரியப்பா?" என்று என்னிடம் கேட்டான். அவன் போனை வாங்கி இன்னொரு தடவை அவள் நம்பரை அடித்தேன்.

மறுநாள் மதியம் அக்காவின் மூத்த பெண் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். "மாமா, நேத்து வந்து வீட்டப் புரட்டிப் போட்டுட்டாங்க. அம்மா போனப் பிடுங்கிட்டாங்க. இன்னிக்குக் கேரியர வாங்கிக்கிட்டாங்க. காலியாத்தான் திரும்பி வந்துச்சு." "யாரு சாப்பிட்டாங்கன்னு தெரியல மாமா."

இன்றுவரை அவ்வளவுதான் தெரியும். கேரியர் போகிறது, வருகிறது.

போன வாரம் ஒரு கல்யாணம். பந்தலில் மைக்கைத் தட்டினான். "ஹலோ, ஹலோ" என்றான். ஒன் டூ த்ரீ வரவில்லை. அத்தான் பேர்தான் வந்தது, மூன்று தடவை. பெண்ணின் தகப்பனார் பதறி ஓடிவந்தார்.

"ஏம்பா, மாப்பிள்ள பேரு அதில்லையே!"

"தெரியும்ணே. இவரு எங்க அத்தான். சத்தம் ரோடுவரைக்கும் கேக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஒயரைச் சரிசெய்ய உட்கார்ந்தான். கண் மட்டும் ரோட்டில், கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி ஏதாவது நிற்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது.